பள்ளி ஒலிபெருக்கியில் கதீஜா ராத்தாவின் பெயர்

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி. கொழும்பிலிருந்து இரவெல்லாம் ஓடிவந்த பேருந்து அம்பாறையைத் தாண்டி சம்மாந்துறை வயல்களுக்குள் நுழைந்தது. பயணக் கட்டணம் மூவாயிரத்துச் சொச்சம் இலங்கை ரூபாய். குளிரூட்டி வேலை செய்தது, அதை நிறுத்தும் பொத்தான்தான் வேலை செய்யவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த நெல் வியாபாரி கண் விழித்து, நான் எந்த ஊர் என்று கேட்டார். திருநெல்வேலிக் கடற்கரைப் பக்கம் என்றேன்.

"அணு உலை இரிக்கிற பக்கமா? பயமில்லாம நித்திரை வருமா?"

இந்தக் கேள்வி எனக்கு அலுத்துப்போய்விட்டது. வளைகுடாவில் ஓர் அணுமின் நிலையத்தில் பல வருடம் மின்பிரிவில் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்று ஊருக்கு வந்தால், மொட்டைமாடியில் காயும் வேட்டிகளுக்கு நடுவிலும் உலையின் குவிமாடம்தான் தெரிகிறது. எங்கே போனாலும் இதே விசாரணை. "உங்களுக்குக் கடல் பக்கத்தில் தூக்கம் வருகிறதே, அது எப்படி?" என்று திருப்பிக் கேட்டேன்.

அவர் சிரித்தார். "அதுவும் சரிதான். கடலுக்கு வேலியும் இல்ல, காவல்காரனும் இல்ல. எங்கட நாட்டுலயும் அணு உலை கட்டலாம் எண்டு கதைக்காங்க. நல்லதா, கெட்டதா? நீங்க சொல்லுங்க."

அதற்குள் அவர் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

காரைதீவுச் சந்தியில் பேருந்து இடது பக்கம் திரும்பியது. அங்கிருந்து கல்முனை வரை ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. சாய்ந்தமருதில் இறங்கினேன். நிசார் ஓட்டோவோடு காத்திருந்தான். அதே நிலையத்தில் பாதுகாப்புப் பிரிவில் இருந்தவன். ஒரே அறையில் தங்கியிருந்தோம். கதிர்வீச்சு அளக்கும் கருவியை இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிந்த மனுஷன், இப்போது கட்டம் போட்ட சாரனோடு நின்றான்.

"வா மச்சான். நாளைக்கு ஒத்திகை. நீ வராம இருந்திருந்தா நான் ஒத்தையில அவமானப்பட வேண்டி இருந்திருக்கும்."

அவமானம் என்று அவன் சொன்னது போன வருடக் கதையை. கடற்கரையை ஒட்டிய தன் சந்துக்கு, அவன் பேச்சில் ஒழுங்கைக்கு, ஆழிப்பேரலை எச்சரிக்கை ஒத்திகை நடத்தப் பொறுப்பெடுத்திருந்தான். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வாசிக்க வேண்டிய அறிவிப்பை அவனே எழுதினான். நிலையத்தில் கற்ற மாதிரியே, தெளிவாக, சுருக்கமாக.

இடியப்பமும் மீன் சொதியும் வைத்துக்கொண்டே மீதியைச் சொன்னான். "பாங்கு சொல்ற மோதினார் மைக்கை ரெண்டு தரம் தட்டினார். ஸலாம் சொன்னார். முழு ஒழுங்கையும் வெளிய வந்திச்சு. எனக்கு என்ன சந்தோசம்! மறுகா பாத்தா, எல்லாரும் வாசல் கடப்படியில அப்படியே நிக்காங்க. ஒரு ஆள் அசையல்ல."

"ஏன்?"

"தொழுகை நேரம் இல்லாத நேரத்துல பள்ளி ஸ்பீக்கர் தட்டுற சத்தம் கேட்டா, இஞ்ச அது மௌத்து அறிவித்தல், சாவுச் செய்தி மச்சான். யாருட ஜனாஸா எண்டு பேர் வரும் வரைக்கும் சனம் மூச்சு விடாம நிக்கும். நான் எழுதினதுல பேர் இல்ல. 'யாரு மௌத்து, யாரு மௌத்து' எண்டு பள்ளிக்குப் போன் வேற. அதுக்குள்ள அலை ரெண்டு தரம் வந்து போயிருக்கும்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை தோற்றால் ஒலிபெருக்கி கிடைக்காது என்று பள்ளி நிர்வாகம் சொல்லிவிட்டதாம். ஒலிபெருக்கி இல்லையென்றால், நடக்க முடியாதவர்களைத் தூக்கிப் போக ஆள் வருவதற்குள் காரியம் கைமீறிவிடும். அப்படி ஏழு பேர் அந்த ஒழுங்கையில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அவனுடைய சொந்த அக்கா, கதீஜா ராத்தா. சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்தவர்.

எங்கள் நிலையத்தில் ஒரு கதவு இருந்தது. அவசரத்தில் எல்லோரும் அதைத் தள்ளுவார்கள். அதுவோ இழுத்தால்தான் திறக்கும். பலகை எழுதி மாட்டினார்கள், வகுப்பு எடுத்தார்கள், திட்டியும் பார்த்தார்கள். கடைசியில் மனிதர்களைத் திருத்துவதை விட்டுவிட்டுக் கீலைத் திருப்பி மாட்டினார்கள். அன்றோடு தொல்லை தீர்ந்தது. அணுசக்தியில் நான் கற்ற பெரிய பாடம் அணுவைப் பற்றியது அல்ல, அந்தக் கதவைப் பற்றியது. நிசாரும் இந்த வருடம் அதைத்தான் செய்யப் போகிறான். சனம் பெயருக்குக் காத்திருக்கிறதா? சரி, பெயரையே சொல்வோம். நடக்க முடியாத ஏழு பேரின் பெயரையும் கூப்பிட்டு எழுப்புவோம்; பெயர் கேட்டவுடன் அந்த வீட்டுக்கு ஓட ஆள் நிற்கட்டும்.

ஜும்ஆ முடிந்ததும் பள்ளியைக் காட்டினான். ஜப்பானில் கடல் புகுந்து அணு உலையின் ஜெனரேட்டர்களை மூழ்கடித்ததைத்தான் எங்கள் நிலையத்தில் ஒவ்வொரு பாதுகாப்பு வகுப்பிலும் பேசுவார்கள். இங்கேயும் ஒலிபெருக்கியின் பற்றரி, கைகால் கழுவும் ஹவுளுக்குப் பக்கத்தில் தரையில் இருந்திருக்கிறது. நிசார் அதை மேல்மாடிக்கு ஏற்றியிருந்தான். அந்தப் பற்றரியைப் பார்த்ததும் எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

ஆனால் ஒரு முட்டுக்கட்டை. உயிரோடு இருப்பவர் பெயரைப் பள்ளியில் கூப்பிட அவரவர் சம்மதம் வேண்டும் என்றது நிர்வாகம். மற்ற ஆறு பேரும், கதீஜா சரி என்றால் தாங்களும் சரி என்றார்கள். கதீஜா சரி என்று சொல்லவில்லை.

பின்னேரம் நாலு மணிக்கு அவர் வீட்டுக்குப் போனோம். வீட்டிலேயே அபாயா தைத்து விற்கிறார். மோட்டார் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டும் நிறுத்தவில்லை.

"கூட்டாளியக் கூட்டிக்கொண்டு வந்து கேட்டா மட்டும் மாறுவனா? உசிரோட இரிக்கக்குள்ள பள்ளியில பேர் சொல்ல ஏலா."

"ராத்தா, இது ஒத்திகை..." என்று நிசார் தொடங்கினான்.

"எனக்கு ஒத்திகை தேவையில்ல. சுனாமிக்குப் பிறகு மெயின் ரோட்டுப் பள்ளி ஸ்பீக்கர்ல என்ட மனிசன்ட பேரக் கேட்டன். என்ட மகள்ட பேரக் கேட்டன். என்ட பேர நானே கேக்கணுமா?"

நிசார் தலையைக் குனிந்துகொண்டான். விருந்தாளி வாயை மூடிக்கொண்டு தேநீரைக் குடித்திருக்க வேண்டும். முடியவில்லை.

"அக்கா, கடல் வருவதற்கு முன்னால் அவர்கள் பெயரை யாராவது சொல்லிக் கூப்பிட்டார்களா?"

மெஷின் நின்றது. அவர் துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இல்ல" என்றார். "ஆரும் கூப்பிடல்ல. பிறகுதான் கூப்பிட்டாங்க."

துணியில் தொங்கிய நூலைக் கத்தரித்தார். பிறகு அவர் தம்பி பக்கம் திரும்பினார். "சொல்லச் சொல்லு. ஆனா மைக்கைத் தட்டக் கூடா. மௌத்துக்குச் சொல்ற மெல்லிய குரலும் வேணாம். மதரஸாவுக்குச் சுணங்கினா எங்கட உம்மா கத்துவாவே, அப்படிக் கோபமாச் சொல்லச் சொல்லு."

மோதினார் ஹனீபாவுக்கு இது பெரிய சோதனை. பசுவைக்கூட அதட்டத் தெரியாத மனிதர். மஃரிப் தொழுகைக்குப் பிறகு நிசார் வீட்டு வளவில் தென்னை மரத்தைப் பார்த்துக் கோபப்பட்டுப் பழகினார். மரம் அசையவில்லை. நாங்கள்தான் சிரித்துச் சிரித்து அசைந்தோம்.

சனிக்கிழமை காலை ஒன்பது. பற்றரி தாங்குகிறதா என்று பார்க்க, ஒழுங்கைக்கு மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்திவைத்தார்கள். பேரிடர்களைக் கவனிக்கும் அனர்த்த முகாமைத்துவ அதிகாரி, தோளில் கை ஒலிபெருக்கியும் கையில் கடிகாரமுமாக நின்றார். மெயின் ரோட்டைக் கடந்து, பாடசாலையின் மேல்மாடிக்குக் குறித்த நேரத்துக்குள் எல்லோரும் ஏற வேண்டும். நிசாரின் உதடுகள் ஓதிக்கொண்டே இருந்தன. நான் அதிகாரியின் கடிகாரத்தை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உலையை முதன்முதலாக இயக்கிய நாளில்கூட இப்படி இல்லை.

மைக்கைத் தட்டும் சத்தம் இல்லை. ஸலாம் இல்லை. நேராக இடி விழுந்தது.

"கதீஜா! எழும்பு! மேட்டுக்குப் போ!"

அந்த மனிதருக்குள் இவ்வளவு கோபம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. கடப்படிக்கு வந்தவர்கள் பெயரைக் கேட்டார்கள். கேட்டதும் கால்கள் அவிழ்ந்துவிட்டன. கதீஜாவின் தங்கை மகன்மார் இருவர், இரண்டு கம்பு கட்டி, உட்கார்த்தித் தூக்கும் பிளாஸ்டிக் கதிரையோடு பாய்ந்தார்கள். அடுத்த பெயர், அதற்கடுத்த பெயர். பிள்ளைகளை இடுப்பில் ஏற்றிய பெண்கள், பாதி சவரம் செய்த முகத்தோடு ஒருவர், அடுப்பை அணைத்துவிட்டேனா என்று கேட்டுக்கொண்டே ஓடிய ஒருவர். முழு ஒழுங்கையும் மேற்கே ஓடியது. மெயின் ரோட்டில் பேருந்துகள் நின்றன. எல்லோருக்கும் மேலே, மாப்பிள்ளை ஊர்வலம் போல, கதிரையில் கதீஜா ராத்தா. "கெதியா, கெதியா! இதென்ன, கல்யாணத்துக்கா போறீங்க?" என்று அதட்டிக்கொண்டே போனார்.

மேல்மாடிக்குக் கடைசி ஆளும் ஏறியதும் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் நேரம் மீதி இருந்தது. "அல்ஹம்துலில்லாஹ்!" என்ற சத்தத்தில் பாடசாலை அதிர்ந்தது. நிசார் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான். நானும் அழுதேன், வெட்கப்படவில்லை.

அப்போதுதான் கவனித்தோம். கடற்கரைப் பக்கமிருந்து இன்னும் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஏழு பேரையும் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு வந்துவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் வாழ்நாளில் முதன்முறையாகக் கோபப்பட்ட மோதினாருக்கு நிறுத்த மனம் வரவில்லை. எல்லோரையும் கூப்பிடுகிறவரைக் கூப்பிட யாரையும் வைக்கவில்லை. நிசாரின் முகம் வெளுத்துவிட்டது.

கதீஜா ராத்தா அதிகாரியின் தோளில் தொங்கிய கை ஒலிபெருக்கியைப் பறித்தார். கதிரையை மாடிச் சுவர் ஓரம் தூக்கி வைக்கச் சொன்னார். கடலைப் பார்த்து, முழுத் தொண்டையில், "ஹனீபா! எழும்பு! மேட்டுக்கு வா!"

தூரத்தில் சத்தம் நின்றது. சற்று நேரத்தில், சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஒழுங்கையில் ஒரு மனிதர் ஓடிவருவது தெரிந்தது. மாடியே கைதட்டியது.

அன்று மாலை பேருந்தில், அந்த நெல் வியாபாரி மறுபடி ஏற மாட்டாரா என்று சம்மாந்துறையில் எட்டிப் பார்த்தேன். அவருக்கு இப்போது பதில் வைத்திருந்தேன். உலை கட்டட்டும், கட்டாமல் போகட்டும். ஆபத்து வந்தால் உங்கள் ஒழுங்கையில் யார் பெயரை முதலில் கூப்பிடுவீர்கள், கூப்பிடுகிறவரை யார் கூப்பிடுவார் என்று மட்டும் முதலில் கேளுங்கள்.

ஊர் திரும்பியதும் மாடிக்குப் போனேன். குவிமாடம் வெயிலில் மின்னியது. இறங்கி வந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். செல்லையாவுக்குக் காது மந்தம், தனியாக இருக்கிறார். பல முறை தட்டிய பிறகு திறந்தார்.

"என்ன விஷயம்? ஏதாவது ஆகிப்போச்சா?"

"ஒன்றும் ஆகவில்லை" என்று அவர் காதருகே கத்தினேன். "ஏதாவது ஆனால் உங்களைக் கூப்பிட வேண்டியவன் நான்தான். சொல்லிவிட்டுப் போக வந்தேன்."