கச்சேரி நாளில் துக்க மணி

தேவாலயத்து மணிக்காரருக்குச் சத்தம் என்றாலே ஆகாது. மணி அடித்துப் பிழைக்கிற மனுஷனுக்கு இப்படி ஒரு குணமா என்று கேலி செய்யாத ஆள் இல்லை. வாலிபத்தில் பத்து வருடம் நூற்பாலை இரைச்சலில் கிடந்து, காது நொந்துபோய் இந்த வேலைக்கு வந்தவர் அவர். கேலியைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

மாதம் ஒரு சனிக்கிழமை மாலை தேவாலயத்தில் ஊர்க்காரர்களுக்காகக் கச்சேரி நடக்கும். சுவரோரம் பிள்ளைகள் வரைந்த படங்கள், மேடையில் பியானோ, வயலின், பாட்டுக் குழு, நாலு மைக். எல்லாம் ரெக்கார்டிங் ஆகும். நாற்காலி இழுபடுகிற சத்தம்கூட அதில் விழக் கூடாது என்று இருநூறு நாற்காலிகளின் கால்களுக்கும் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினார் மணிக்காரர். யாரும் சொல்லிச் செய்ததல்ல.

நிகழ்ச்சி நடத்தும் அம்மா, கச்சேரி முடியும்வரை மணி அடிக்க வேண்டாமே என்று ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை கேட்டார். ஒரே ஒரு தடவைதான். அதைச் சட்டமாக்கிக்கொண்டவர் இவர். சபையில் யாராவது இறந்தால் உடனே துக்க மணி அடிக்க வேண்டும், வயது எத்தனையோ அத்தனை அடி. போன வருடம் கச்சேரி நேரம் பார்த்து, சபையைச் சேர்ந்த தச்சர் ஒருவரின் அம்மா கண்ணை மூடினார். தச்சர் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தார்.

"ஒரு மணி நேரந்தானே தம்பி, பொறுத்துக்கோ. செத்தவங்களுக்கு என்ன அவசரம்?" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார் மணிக்காரர். தச்சர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். உள்ளே கைதட்டல் கேட்கும்போதெல்லாம் முடிந்துவிட்டதோ என்று எழுந்து எழுந்து பார்த்தார்.

மணிக்காரரின் வீடு என்பது மேடையின் பின்சுவரை ஒட்டிய ஒற்றை அறை. அவர் மனைவி நுரையீரல் கெட்டு அதில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அவள் இருமினால் சுவரைத் தாண்டிக் கேட்கும். அதனால் கச்சேரி அன்று தலையணைப் பக்கத்தில் ஒரு துண்டை மடித்து வைத்துவிட்டுப் போவார். மெதுவான பாட்டு வந்தால் அவள் அதை வாயில் அமுக்கிக்கொள்வாள். எந்தப் பாட்டில் எந்த இடத்தில் அமுக்க வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி. இது அநியாயம் என்று அவருக்கு ஒரு நாளும் உறைக்கவில்லை.

"நான் போனா உடனே மணிய அடிச்சிடுங்க," என்றாள் ஒரு நாள். "கச்சேரி கிச்சேரின்னு என்னையும் காக்க வைக்காதீங்க. வாயப் பொத்திக்கிட்டே கெடந்தாச்சு. அந்த ஒரு சத்தமாவது எனக்குன்னு கேக்கட்டும்."

"சும்மா இரு. நீ எங்க போகப்போற?"

அவள் விடவில்லை. கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் ஓய்ந்தாள்.

அடுத்த மாதக் கச்சேரியில் முதல் பாதி முழுக்கச் சுவருக்கு அப்பால் ஒரு இருமல்கூட இல்லை. கதவோரம் நின்ற மணிக்காரருக்கு மனம் குளிர்ந்தது. இன்றைக்கு அவளுக்குத் தேவலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்புக்காக அவர் பிறகு தன்னை மன்னிக்கவேயில்லை. இடைவேளையில் வெந்நீர் எடுத்துக்கொண்டு போனபோது, அவள் துண்டை வாயோடு பிடித்தபடியே போயிருந்தாள். கை சில்லிட்டிருந்தது.

நேராக மணிக்கூண்டுக்கு ஓடிக் கயிற்றைப் பிடித்தார். அப்போது நிகழ்ச்சி நடத்தும் அம்மாவின் குரல் மைக்கில் கேட்டது. அடுத்து தச்சரின் மகள், முதல் முறையாகத் தனியாகப் பாடப்போகிறாள். கூண்டின் கதவிடுக்கில் முன்வரிசை தெரிந்தது. தேய்த்த சட்டையோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் தச்சர். அன்றைக்கு அம்மாவுக்காக வந்தவனைப் படியில் உட்கார வைத்தாயிற்று, இன்றைக்கு மகளின் பாட்டையும் கெடுப்பதா, எந்த முகத்தை வைத்துக்கொண்டு கெடுப்பது? மனைவிக்குச் செய்த சத்தியம் நினைவில் இருந்தும் கயிற்றை விட்டுவிட்டார். அந்தப் பாட்டும் அதற்குப் பிறகு நாலு பாட்டும் முடியும்வரை கூண்டுப் படியில் உட்கார்ந்து, சட்டைக் கையை வாயில் திணித்துக்கொண்டு அழுதார்.

கச்சேரி முடிந்ததும் தச்சர் அவரைத் தேடிக்கொண்டு வந்தார்.

"எம்பொண்ணு பாட்டக் கேட்டீங்களாண்ணே?" என்று சிரித்தவர், முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "என்னாச்சுண்ணே? அண்ணியா?"

மணிக்காரர் தலையை ஆட்டினார்.

"எப்போ?"

"இடைவேளைக்கு முன்னாடியே போயிட்டா."

"அப்ப ஏன் மணி அடிக்கல?"

"ஒம்பொண்ணு பாட இருந்தாளேப்பா."

தச்சர் சுவரில் சாய்ந்துகொண்டார். "அவ இன்னொரு நாள் பாடியிருப்பாளேண்ணே," என்றார்.

மணிக்காரர் எழுந்து கயிற்றை இழுத்தார். ஐம்பத்துநான்கு அடிக்க வேண்டும். பதினொன்றில் கை விட்டுப்போயிற்று. தச்சர் கயிற்றை வாங்கிக்கொண்டார். மிச்சம் நாற்பத்துமூன்றையும் அவர் இழுக்க, மணிக்காரர் படியில் உட்கார்ந்து வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.