மச்சானைத் திட்டினால் குற்றமில்லை

கால்பந்து நடுவராக இருப்பவனுக்குக் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். காலால் செய்கிற தப்பைப் பார்த்ததும் விசில் ஊதிவிடலாம். வாயால் செய்கிற தப்பு என்றால், எவன் சொன்னான், யாரைச் சொன்னான், என்ன நினைத்துச் சொன்னான் என்பதையெல்லாம் ஓடிக்கொண்டே தீர்மானிக்க வேண்டும். பஸ் கண்டக்டர்களுக்கும், பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவர்களுக்கும், மீசை அரும்பிய பையன்களைப் பெற்றவர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு மலையடிவாரத்துக் காரவள்ளியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. சனி ஞாயிறுகளில் பஸ் ஏறி மேலே மலைக்குப் போய், அங்கே நாடு என்று சொல்கிற ஊர்க்கூட்டங்களுக்கு இடையே நடக்கும், பதினேழு வயதுக்கு உட்பட்டவர்களின் ஆட்டங்களுக்கு நடுவராக நிற்பேன். விதி எளிமையானது. புண்படுத்தும் பேச்சுக்குச் சிவப்பு அட்டை. சிவப்பு வாங்கியவன் உடனே வெளியேற வேண்டும், அடுத்த ஆட்டத்திலும் ஆட முடியாது. நான் சொல்லப்போகும் வருடம், இறுதி ஆட்டத்தைப் பார்க்க விளையாட்டு விடுதியிலிருந்து ஓர் ஆள் வருவதாக இருந்தது. வாழவந்தி நாட்டு அணியின் கோல்கீப்பர் அறப்பளியை அவர் எடுத்துக்கொள்வார் என்று மலையில் எல்லோரும் நம்பினார்கள். அடுத்த வருடம் அவனுக்கு வயது தாண்டிவிடும். எடுக்காவிட்டால் போர்வெல் ரிக் வண்டியில் வடக்கே வேலைக்கு அழைத்துப் போக அவனுடைய மாமா தயாராக இருந்தார். அவனுக்கும் விடுதிக்கும் இடையில் இருந்தது அவன் வாய் ஒன்றுதான். அந்த வாய்க்கு எதிரே என் சட்டைப் பை.

உரிமை

அறப்பளியை முதலில் பார்த்தது அரியூர் நாட்டு அணியோடு நடந்த ஓர் ஆட்டத்தில். அரியூரின் கேப்டன் விக்னேஷ் நல்ல வாய்ப்பு ஒன்றைக் கோலுக்கு மேலே அடித்து வீணாக்கினான். கோலில் நின்ற அறப்பளி அவனைப் பார்த்து ஒன்று சொன்னான். விக்னேஷின் கால், அந்தக் காலைப் பெற்றவர்கள், அதை வளர்க்கச் செலவான கேழ்வரகு எல்லாம் அதில் அடங்கியிருந்தன. சிவப்புக்குக் கொஞ்சம் குறைவு என்று தோன்றியதால் மஞ்சள் அட்டை காட்டினேன்.

அறப்பளி கோலுக்குத் திரும்பினான். கோபித்துக்கொண்டவன் விக்னேஷ். மூச்சு வாங்க என் முன்னால் வந்து நின்றான். "ஏனுங்க சார், அவன் எங்க அத்தை மகனுங்க. என்னையத் திட்ட அவனுக்கு உரிமை இல்லீன்னா வேற யாருக்குங்க இருக்குது?"

சாந்தமான கேள்வி

மலையில் மச்சான் முறை உள்ளவன் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். சொல்லாமல் இருந்தால்தான் ஏதோ மனத்தாங்கல் என்று அர்த்தம். பங்காளி அப்படியில்லை, அவன் அளந்து பேச வேண்டும். இது எனக்குத் தெரியாத காலத்தில், ஒரு பையன் எதிரணிப் பையனிடம் மெல்லிய குரலில், "உங்க ஊட்டுல இன்னைக்குச் சோறு ஆக்குனாங்களாடா?" என்று கேட்டான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அக்கறையாக விசாரிக்கிறான் என்று நினைத்து ஆட்டத்தைத் தொடரவிட்டேன்.

அடுத்த நிமிடம் ஆட்டக்காரர்களோடு பார்வையாளர்களும் மைதானத்துக்குள் இருந்தார்கள். இரண்டு பையன்களும் பங்காளிகள். காட்டைப் பங்கு பிரித்ததிலிருந்து ஒரு வீட்டார் இன்னொரு வீட்டில் கை நனைப்பதில்லை. கிடைத்த பங்கில் உங்கள் அடுப்பு எரிகிறதா என்பதுதான் அந்தக் கேள்வி. வாழவந்தி அணியின் பயிற்சியாளரும் பள்ளியின் பி.டி. வாத்தியாருமான தங்கராசு, ஒரு பையனை இடுப்போடு பிடித்து இழுத்தபடியே என்னிடம் சொன்னார்: "சார், விசில் ஊதாட்டிப் போகுது. கொஞ்சம் குறுக்கால வந்து நில்லுங்க."

ஆட்டத்துக்கு முன் விசாரணை

அதற்குப் பிறகு நான் டாஸ் போடும்போதே இரண்டு கேப்டன்களையும் நிறுத்தி, யாருக்கு யார் என்ன முறை என்று கேட்க ஆரம்பித்தேன். முதல் தடவை ஆட்டம் வெகுநேரம் தாமதமானது. முறை சொல்லத் தொடங்கினால் மலையில் யாரும் பாதியில் நிறுத்துவதில்லை. மைதானத்து ஓரத்திலிருந்தும் திருத்தங்கள் வந்தன. கடைசியில் ஒரே ஒரு பையன் மிஞ்சினான். அறப்பளிக்கு அவன் அம்மா வழியில் மச்சான், அப்பா வழியில் தம்பி.

அவன் திட்டினால் எப்படி எடுத்துக்கொள்வது என்று தங்கராசுவிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "முதல் பாதியில மச்சான், ரெண்டாவது பாதியில தம்பின்னு வச்சுக்கங்க சார்."

பந்து

அறப்பளி மனிதர்களை மட்டும் திட்டுபவன் இல்லை. கம்பத்தைத் திட்டுவான், வலையைத் திட்டுவான், மழையில் ஊறிய கையுறையைத் திட்டுவான். கால் இறுதியில் அவன் கையிலிருந்து நழுவிய பந்தை, மீண்டும் பிடித்த பிறகு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திட்டினான். எதிரணிப் பையன் ஒருவன் தன்னைத்தான் சொல்கிறான் என்று முறையிட்டான். யாரைச் சொன்னாய் என்று நான் அறப்பளியிடம் கேட்டேன். இறுதி ஆட்டத்துக்கு இன்னும் ஓர் ஆட்டம்தான் இருக்கிறது என்பதையும் நினைவுபடுத்தினேன்.

அவன் பந்தை என்னிடம் நீட்டினான். "இதைத்தானுங்க. இது ஒண்ணும் சொல்லலீங்களே."

அரையிறுதி

மறுபடியும் அரியூர். வாழவந்தி ஒரு கோல் முன்னிலை. ஆட்டம் முடிகிற நேரத்தில் வாழவந்திப் பையன் ஒருவனின் கையில் பந்து பட்டது. பெனால்ட்டி கொடுத்தேன். அறப்பளி கோலை விட்டு ஓடிவந்து, என் முகத்துக்கு நேரே ஒரு வாக்கியம் சொன்னான். என் பார்வையையும் என் பிறப்பையும் அது ஒரே மூச்சில் விசாரித்தது. யாரைச் சொன்னாய் என்று கேட்டேன். பந்தை என்று சொல்லியிருக்கலாம். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். "உங்களைத்தானுங்க" என்றான்.

என் கை பைக்குப் போனது. தங்கராசு உள்ளே நடந்து வந்தார். கெஞ்சவில்லை. "சார், காரவள்ளி பஸ் ஸ்டாப்புல டீக்கடை வச்சிருந்தாரே, அவரு உங்கப்பாருதானுங்களே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஓரத்தில் டிவிஎஸ் வண்டி மேல் உட்கார்ந்திருந்த அறப்பளியின் பெரியப்பாவைப் பார்த்து, "அண்ணா, அவரை நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க?" என்றார். "மச்சான்னுதான். அவரு என்னைக் கூப்பிட்டதை இங்க சொல்ல முடியாது" என்றார் அவர். "அப்ப இவனுக்கு நீங்க மச்சான் ஆச்சுங்க சார்" என்றார் தங்கராசு. அரியூர்ப் பயிற்சியாளர் அது டீக்கடை உறவு, செல்லாது என்று கத்தினார். விக்னேஷ் பெனால்ட்டி அடிக்கப் பந்தோடு நின்றிருந்தான். அறப்பளி போனால் லாபம் அவனுக்குத்தான். அவன் சொன்னான்: "சார், இவனை அனுப்பிட்டு வேற எவனோ நிக்கற கோல்ல நான் போட்டா, அதை வச்சு இவனை நான் எப்படிங்க சொல்லிக்காட்டறது?"

விதியில் புண்படுத்தும் பேச்சு என்று இருக்கிறது. நான் புண்பட்டேனா என்பதை என்னைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது. பட்டிருந்தேன். ஆனால் மச்சான் சொன்னதற்குப் புண்படுகிறவனை மலையில் ஓர் ஆளாகவே மதிக்க மாட்டார்கள். அட்டை இல்லாமல் கையை வெளியே எடுத்தேன். விக்னேஷ் அடித்ததை அறப்பளி தடுத்தான். இருவரும் பேசிக்கொண்டதை நான் கேட்காததுபோல் இருந்துவிட்டேன், நேரம் முடிந்ததையும் கவனிக்கவில்லை. ஓரத்திலிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது: "மாப்ள, விசிலை எடுத்து ஊதுங்க, பஸ்ஸு போயிரும்."

குழு

அரியூர்ப் பயிற்சியாளர் நடுவர் குழுவிடம் புகார் செய்தார். குழுத் தலைவர் பொறுமையான மனிதர். நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். மச்சான் என்றால் அது வசவு ஆகாது, அட்டை காட்டாதது சரிதான் என்று ஒப்புக்கொண்டார். உறவு தெரியவந்தது ஆட்டம் முடிகிற நேரத்தில் என்பதால் முடிவையும் மாற்ற வேண்டியதில்லை என்றார். அறப்பளி இறுதி ஆட்டத்தில் ஆடலாம். நான் நன்றி சொல்லி எழுந்தேன்.

"உட்காருங்க. சொந்தக்காரங்க ஆடற ஆட்டத்துக்கு ரெஃப்ரியா நிக்கக்கூடாதுன்னு ஒரு விதி இருக்குது, ஞாபகம் இருக்குதுங்களா?"

ஓரத்தில் நின்று

இறுதி ஆட்டத்தை ஓரத்தில் நின்றுதான் பார்த்தேன். நடுவர் சேலம் பக்கத்திலிருந்து வந்திருந்தார். மலைக்கு முதல் தடவை. அவருடைய அப்பா டீக்கடை வைத்திருந்ததாகத் தெரியவில்லை. விடுதியிலிருந்து வந்தவர் கோலுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது பாதியில் தெளிவான ஆஃப்சைடு ஒன்றை நடுவர் விட்டுவிட்டார், அது கோலானது. அறப்பளி அவரை நோக்கி நடக்க ஆரம்பித்தான். அந்த நடை எனக்குத் தெரியும். தங்கராசு இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார்.

நான் கோட்டருகில் போய், என்னால் முடிந்த குரலில் அறப்பளியைத் திட்டினேன். காயில் கட்டும் கடையில் கற்றது முழுவதையும் பயன்படுத்தினேன். அவன் நின்றான். திரும்பினான். நடுவருக்காக வைத்திருந்ததை எல்லாம் ஒன்று விடாமல் எனக்குக் கொடுத்தான். விசில் ஒலித்தது. நடுவர் அட்டையைக் கையில் பிடித்தபடி என்னிடம் ஓடிவந்து, "உங்களையா சொன்னான்?" என்றார். ஆமாங்க, மச்சான் முறை, நான்தான் ஆரம்பித்தேன் என்றேன். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். பெரியப்பா சாட்சிக்கு முன்னால் வந்தார். நடுவர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு அட்டையை உள்ளே வைத்தார். "குடும்பச் சண்டையை ஊட்டுல வச்சுக்கங்க."

விடுதிக்கு

வாழவந்தி தோற்றது. விடுதிக்காரர் தோற்ற அணியிலிருந்து ஒருவனை மட்டும் எடுத்தார். அறப்பளி கிளம்பிய அன்று பஸ் காரவள்ளியில் நின்றபோது இறங்கி என் கடைக்கு வந்தான். கையில் ஒரு பை, தோளில் ஒரு பை.

"அங்க ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு ஜில்லாவாமுங்க மச்சான். ஒருத்தனும் நமக்கு முறை இல்ல. வாயை என்னங்க பண்றது?"

மலையில் ஒருவனுக்கு மச்சான் ஆனவன் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறை ஆகிவிடுவான் என்று குழு என்னை அங்கே நடுவராக அனுப்புவதில்லை. இப்போதெல்லாம் நான் மலைக்குப் போனால் என்னைத் திட்டும் உரிமை உள்ளவர்கள் எல்லா மைதானத்திலும் இருக்கிறார்கள், எடுத்துக் காட்ட என்னிடம்தான் ஓர் அட்டை இல்லை.