சித்தேரியில் இல்லாத கோவிந்தன்

வளைகுடா நாடு ஒன்று, திறன் தொழிலாளர்களுக்கான குடியிருப்பு விசா விதிகளை மாற்றியிருக்கிறது. அவற்றின் எட்டாம் பிரிவு இது: சொந்த ஊர் விசாரணையில் ‘ஆள் இல்லை’ என்று தெரியவந்தால், முன்கூட்டி எழுத்தில் தகவல் கொடுத்துவிட்டு இரண்டாம் முறை சென்று விசாரிக்க வேண்டும், அதன் பிறகே விண்ணப்பத்தை நிராகரிக்கலாம். நல்ல விதி. எழுதியவர் யோசித்து எழுதியிருக்கிறார். நடைமுறைப்படுத்துகிறவர்களுக்கு வாசிக்க நேரம் கிடைத்திருக்காது.

அதியமான்கோட்டையில் என் வீட்டு மாடியில் குடியிருக்கும் செல்வியின் கணவன் கோவிந்தன் அந்த நாட்டில் வெல்டர். திறன் பிரிவுக்கு மாறிவிட்டால் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்ளலாம். மாறாவிட்டால், இதுவரை போலவே கைப்பேசியில் குடும்பம் நடத்தலாம். பிப்ரவரியில் விசா அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. சித்தேரி மலையில் அவன் கொடுத்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லையாம். மார்ச் முடிவதற்குள் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால் விண்ணப்பம் ரத்தாகும்.

வருவாய்த் துறையில் இருந்த காலத்தில் ‘ஆள் இல்லை’ என்ற அறிக்கைகளை நிறையப் படித்திருக்கிறேன். பாதிக்கு மேல், விசாரிக்கப் போனவர்தான் அங்கே இருந்திருக்க மாட்டார். இதுவும் அப்படித்தான் என்று முடிவுகட்டிக் கிளம்பினேன்.

மார்ச் 9, காலை ஆறரை மணி. தருமபுரிக்கு நகரப் பேருந்து. எனக்குப் பத்து ரூபாய். செல்விக்குக் கட்டணமில்லை, மகளுக்கு இன்னும் டிக்கெட் வயதில்லை. அங்கிருந்து அரூர், சுமார் நாற்பது கிலோமீட்டர். அரூரில் இட்லி சாப்பிட்டுவிட்டு, ஒன்பது மணிக்கு சித்தேரி வண்டியில் ஏறினோம்.

நடத்துனர் என் மடியிலிருந்த கோப்பைப் பார்த்தார். “சார் ஃபாரஸ்டுங்களா, போலீசுங்களா?”

“பென்ஷன்.”

“பேன்ட்டும் ஃபைலுமா மேல வர்றவங்க அந்த ரெண்டு வகைதான் சார். நீங்க புது வகையா இருக்கீங்க.”

வண்டி வளைந்து வளைந்து ஏறியது. வெயில் குறைந்து காற்று குளிர்ந்தது. மேலே ஊர் தொடங்கியதும் சாலையோரத்துப் பாறைகளில் புளி காயப் போட்டிருந்தார்கள். கடைசி வளைவில் குழந்தை வாந்தி எடுத்துவிட்டாள். இறங்கியதும் செல்வி அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போக, நான் எதிரே இருந்த டீக்கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். வெல்டர் கோவிந்தன் வீடு எது என்று கேட்டேன்.

“எந்தக் கோவிந்தனுங்க?”

“வெளிநாட்டில் இருப்பவர்.”

“அப்படி ஆருமில்லீங்களே. இந்த மலையிலயே அந்தப் பேரு கெடையாதுங்க. டீ சாப்புடுங்க.”

பக்கத்தில் புளி தட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிராமலே சொன்னாள்: “பேரே புதுசா இருக்குதே!”

தமிழ்நாட்டில் கோவிந்தன் என்ற பெயரைப் புதிது என்று ஒருவர் சொல்லக் கேட்டது எனக்கு அதுவே முதல் தடவை. விசாரணைக்கு வந்தவர் நிஜமாகவே வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது.

செல்வி குழந்தையோடு வந்து சேர்ந்தாள். “என்ன மாமா, சாருக்கு டீ குடுத்தீங்களா? நாங்க குடியிருக்கற வூட்டு ஓனருங்க.”

கடைக்காரர் சின்னசாமி, கோவிந்தனின் சொந்தச் சித்தப்பா. கடைக்குப் பின்னால் தெரிந்த நீலச் சுவர் கோவிந்தனின் வீடு.

“உங்க ஆளா கண்ணு? மொதல்லயே சொல்லப்படாதா! போன மாசமும் இப்படித்தான் ஒருத்தன் வந்தான். கோவிந்தன் எங்க போனான், எத்தன வருசமாச்சு, ஆரு கூட்டிப்போனாங்கன்னு நோண்டுறான். உட்டுக்குடுப்பமா? ஊரே ஒரே பேச்சா இல்லைன்னுட்டோம்!”

“ஐயோ மாமா, அது போலீசு இல்ல. விசாவுக்கு வந்தவரு. நீங்க இல்லைன்னதுலதான் விசாவே நின்னுபோச்சு.”

அவர் வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

கூலி வேலை என்று வெளிமாநிலக் காட்டுக்குச் செம்மரம் வெட்டக் கூட்டிப்போய், வழக்கு வந்ததும் தரகர்கள் நழுவிவிட்ட கதை அந்த மலையில் பல வீடுகளில் உண்டு. சின்னசாமியின் மகனும் சிறையிலிருந்து திரும்பியவன். ஆண்பிள்ளையின் பெயரைச் சொல்லி யார் விசாரித்தாலும் ‘இல்லை’ என்பது அதிலிருந்து வந்த பழக்கம்.

நான் வழக்கப்படி ஒரு வாக்குமூலம் எழுதி அவர் முன்னால் வைத்தேன். அவர் பேனாவைத் தொடவில்லை.

“எம்பையனும் ஒரு காயிதத்துலதாங்க கையெழுத்து போட்டான். அது வாணாம் சார். அந்தாள மறுபடி வரச் சொல்லுங்க. வர்ற நாள மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க. நானே கூட்டிப்போயி வூட்டக் காட்டறேன்.”

எட்டாம் பிரிவு கேட்பதும் அதைத்தான். வாக்குமூலத்தைக் கிழித்துவிட்டு, அதே பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டிக் கடிதம் எழுதினேன். டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

இரண்டு மணி வண்டியில் மலையிறங்கினோம். எங்கள் ஊரில் யார் வந்து கேட்டாலும், பக்கத்து வீட்டுக்காரனின் சம்பளம் வரை சொல்லிவிடுவோம். அதை நேர்மை என்று நினைத்திருந்தேன். சொன்னதால் எங்களுக்கு எதுவும் நேர்ந்ததில்லை, அவ்வளவுதான்.

கடிதத்தைப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பினேன். பதில் இல்லை. மார்ச் 22 அன்று சின்னசாமி தொலைபேசியில் அழைத்தார்.

“வந்தாருங்க சார். அதே பேன்ட்டு, அதே ஃபைலு, ஆனா வேற ஆளு. நீங்க சேதியே சொல்லலீங்களே? உங்க ஆளா, அவங்க ஆளான்னு எனக்கு எப்படிங்க தெரியும்?”

“என்ன செய்தீர்கள்?”

“பையனப் பொறவாசல்ல காட்டுக்கு அனுப்பிட்டேன். அப்பறம், கோவிந்தன் எங்க அண்ணன் மவன்தான், வாங்கன்னு கூட்டிப்போயி வூட்டக் காட்டிட்டேன். டீ ஊத்தறப்ப பாதி கீழ கொட்டிப்போச்சுங்க.”

மே மாதக் கடைசியில் செல்வியும் குழந்தையும் விமானம் ஏறினார்கள். மாடி இப்போது காலியாக இருக்கிறது.

என் கடிதத்துக்கும் பதில் வந்தது. எட்டாம் பிரிவின்படி இரண்டாம் விசாரணை நடைபெறும். அதற்கான தேதி சம்பந்தப்பட்டவர்களுக்கு முன்கூட்டித் தெரிவிக்கப்படும் என்று எழுதியிருந்தார்கள். வந்து சேர்ந்த தேதி: ஜூன் 12.