சோப்புக்காரரும் ஏழாம் முடிச்சும்

ஈயக்குண்டின் அடியிலுள்ள குழியில் சலவை சோப்பை அப்பி, கட்டைவிரலால் அழுத்தி, ஒருமுறை முகர்ந்தும் பார்த்துவிட்டுத்தான் படகில் ஏறுவார் சோப்புக்காரர். முகர்வது எதற்கென்று கேட்டால், "சும்மாதான், வாசனை நல்லாருக்கு" என்பார். காயல் கடலோடு சேரும் முகத்துவாரத்தில் ஆழம் பார்ப்பது அவர் உத்தியோகம். குண்டைக் கயிற்றில் கட்டி இறக்குவார். எத்தனை முடிச்சு நனைகிறதோ அத்தனை ஆழம். சோப்பில் எது ஒட்டி வருகிறதோ அதுதான் தரை. துறைமுக அலுவலகம் கொடுத்த கருவி ஒன்றும் உண்டு. "அது ஆழத்தச் சொல்லும். அடியில என்ன கெடக்குன்னு சொல்லுமா?" என்று அதற்கு மழைக்கோட்டு போர்த்திப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

வீட்டில் சோப்பு தங்குவதே இல்லை. "ஏங்க, நான் துணிக்கு வாங்குறேனா, கடலுக்கு வாங்குறேனா?" என்பார் மனைவி. இவர் அந்த நேரம் பார்த்துக் காது கேளாதவராகிவிடுவார்.

மனிதர் எப்போதும் சிரித்த முகம்தான். ஒரே ஒரு பேச்சை எடுத்தால் மட்டும் தலை கவிழ்ந்துவிடும். இரண்டு வருடம் முன்பு முகத்துவாரம் ஒடுங்கியபோது, இயந்திரம் வைத்து அகலமாக வெட்டச் சொல்லி எழுதிக்கொடுத்தவர் சாட்சாத் இவரேதான். வெட்டினார்கள். பார்க்க ஜோராக இருந்தது. ஆனால் உள்ளே போய்வரும் தண்ணீர் பழைய அளவுதானே? வழி பெரிதானதும் ஓட்டம் தளர்ந்தது, மணல் ஆற அமரப் படுத்துக்கொண்டது. அதில் முதலில் ஏறி சுக்கானை முறித்துக்கொண்டது இவருடைய தங்கை கணவரின் படகு. அன்றிலிருந்து அவர் தொலைவில் வேறொரு துறைமுகத்தில் படகைக் கட்டுகிறார். தங்கையும் அங்கேயே குடிபோய்விட்டாள். மாப்பிள்ளைக்குக் கோபமெல்லாம் இல்லை. "என்ன மச்சான், இன்னும் கொஞ்சம் அகலமா வெட்டச் சொல்லுவோமா?" என்று போனில் சிரிப்பார். அந்தச் சிரிப்பைத்தான் இவரால் தாங்க முடியவில்லை.

ரோஷத்தில் ஒரு மாதம் காயலைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கிழக்குப் பாதியைக் குறுக்கே ஒரு ரோடு மறித்திருந்தது. தண்ணீர் போய்வர அடியில் இரண்டே குழாய்கள். நேரே துறைமுகப் பொறியாளரிடம் போனார். "சார், பாதிக் காயல் அடைபட்டுக் கெடக்கு. வாசல வெட்டி என்ன பிரயோசனம்? உள்ள நெறைய தண்ணி போயித் திரும்பினா, வாசல அதுவே பெருக்கி வச்சுக்கும்." கூடவே தன் பழைய கடிதத்தின் நகலையும் நீட்டினார். "இது என் தப்பு. இதையும் சேத்தே வச்சுக்குங்க." பொறியாளர் இரண்டையும் படித்தார். ரோட்டை உடைத்துப் பாலம் போட்டார்கள்.

பாலம் வந்து ஐந்து மாதம். முகத்துவாரத்துக் கம்பத்தில் இவர் ஏற்றிய சிவப்புத் துணி பறந்துகொண்டேதான் இருந்தது. அது பறந்தால் பெரிய படகு உள்ளே வரக்கூடாது. தண்ணீர் அடிமட்டத்துக்கு வற்றிய நேரத்திலும் ஏழாம் முடிச்சு நனைந்தால்தான் இறக்குவேன் என்பது அவர் வைராக்கியம். ஐந்து நனைந்தது, பிறகு ஆறு. அதோடு நின்று போக்குக் காட்டியது.

இன்று காலை மாப்பிள்ளை போன் செய்தார். "மச்சான், வெளியதான் நிக்கிறேன். உங்க தங்கச்சி சட்டிபானையோட ஏறி உக்காந்துட்டா, வீட்டுக்குப் போயே தீரணுமாம். துணி இன்னும் பறக்குதே?"

"நில்லுங்க மாப்ளே. வத்தம் முடியட்டும்."

வெளியே படகு காத்திருக்க, இவர் அவசரப்படவே இல்லை. தண்ணீர் வற்றி முடிந்து அசையாமல் நின்றதும் குண்டை இறக்கினார். ஏழாம் முடிச்சு நனைந்து வந்தது. சோப்பில் பொடிமணல் இல்லை, சிப்பிச் சில்லுதான் ஒட்டியிருந்தது. அப்படியானால் ஓட்டம் மணலை வாரிக்கொண்டு போய்விட்டது. நம்பவில்லை. புது சோப்பு அப்பி இன்னும் நான்கு இடத்தில் இறக்கினார். நான்கிலும் அதே ஏழு, அதே சிப்பி. கண் கலங்கிவிட்டது. உப்புக்காற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கம்பத்தடியில் படகை நிறுத்திச் சிவப்புத் துணியை இறக்கினார். ஆட்டிக் காட்டவில்லை. வெளியே மாப்பிள்ளையின் இயந்திரம் கிளம்பும் சத்தம் கேட்டது. இவர் திரும்பிப் பாராமல் குண்டை மடியில் வைத்து, அந்தத் துணியாலேயே குழிக்குள் விரலை விட்டுச் சோப்பைத் துடைக்க ஆரம்பித்தார்.