ஐந்து மாமாக்களுக்கு ஒரு மெயில்

எங்கள் குடும்பத்தில் பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெயர் போட்டுச் சேமித்து வைக்கவும் எனக்குக் கை வராது. அதனால் என் மெயிலின் முகவரிப் பட்டியலில் அம்மாவின் உடன்பிறந்தவர்கள் ஐந்து பேரும் வெறும் 'மாமா'வாகவே இருந்தார்கள். எது யாருடையது என்று ஒவ்வொரு தடவையும் திண்டாட வேண்டும்.

புது வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகை அனுப்பும்போது பொறுமை போய், உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினேன். ஓசூர் மாமா, சேலம் மாமா, நல்லம்பள்ளி மாமா என்று ஊரைச் சேர்த்தேன். ஐந்து பேருக்கும் ஒரே தட்டலில் பத்திரிகை போக ஒரு குழுவையும் உண்டாக்கி, அதற்கு 'மாமா' என்று பெயர் வைத்தேன். என்னவோ பெரிய காரியம் செய்துவிட்ட மிதப்பு எனக்கு.

கொஞ்ச நாளில் எனக்குப் புனேயில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்த வேலை எனக்கு வேண்டும், அவ்வளவு ஆசை. ஆனால் எங்கள் வீட்டில் அப்பாவிடம் யாரும் எதையும் நேராகக் கேட்பதில்லை. நான் காலேஜில் சேர்ந்ததும் ஸ்கூட்டர் வாங்கியதும் ஓசூர் மாமா வந்து பேசி நடந்தவைதான். இதற்கும் அவருக்கே எழுதினேன். வாட்ஸ்அப் எங்கள் வீட்டில் பொதுச்சொத்து. யார் போனை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்ப்பார்கள். மெயிலை மட்டும்தான் யாரும் சீண்டுவதில்லை.

"நீங்க ஒருத்தர் சொன்னாத்தான் மாமா, அப்பா கேப்பாங்க. வேற யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று உருகி உருகி எழுதினேன். முகவரி போடும் இடத்தில் பழக்க தோஷத்தில் வெறும் 'மாமா' என்று அடித்து அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓசூர் மாமா வந்தார். "சும்மா இப்பிடி காரிமங்கலம் வரைக்கும் வந்தேன்" என்றார். காபி குடித்து முடிப்பதற்குள் நல்லம்பள்ளி மாமாவும் சும்மாதான் வந்தார். பத்து மணிக்குள் ஐந்து பேரும் சும்மா வந்துவிட்டார்கள். மெயில் யார் யாருக்குப் போயிருக்கிறது என்று மேலே பார்க்கிற வழக்கம் எங்கள் ஆட்களுக்கு ஏது? ஒவ்வொருவரும் தன்னை மட்டும்தான் நான் நம்பியிருக்கிறேன் என்று நினைத்து, மற்றவர்கள் எப்போது கிளம்புவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் கிளம்பவில்லை.

அம்மா பயந்துபோய்விட்டாள். "என்னங்கண்ணா, யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிப்போச்சா? எங்கிட்ட மறைக்கறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே களிக்கு இன்னும் கொஞ்சம் மாவு போட்டாள்.

சாப்பாடு முடிந்ததும் ஓசூர் மாமா, போர் மோட்டாரைப் பார்க்கலாம் என்று அப்பாவைத் தனியாகக் கூட்டிப்போனார். திரும்பியதும் சேலம் மாமா கன்றுக்குட்டியைப் பார்க்கக் கூட்டிப்போனார். அடுத்தவருக்கு மாமரம் பார்க்க வேண்டியிருந்தது. நான் சமையலறை ஜன்னலை விட்டு நகராமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அப்பா நேராக என்னிடம் வந்தார்.

"ஏங்கண்ணு, அஞ்சு பேருக்கு எழுதியிருக்கற. எனக்கு ஒண்ணு எழுதக் கூடாதா?"

"உங்களுக்குத்தான் மெயில் இல்லியேப்பா."

"ஏன் இல்ல? காலேஜுக்கு அப்ளிகேஷன் போடறப்ப நீதான ஆரம்பிச்சுக் குடுத்த?"

ஆமாம், நான்தான். முகவரிப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஊரில் இருக்கிற அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். அப்பா இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரைச் சேர்த்து, அங்கேயே நின்று எழுதினேன். 'அப்பா, எனக்குப் புனேவுல வேலை கெடச்சிருக்கு. போகட்டுங்களா?'

அப்பா போய் மாமாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டினார். ஒற்றை விரலால் வெகுநேரம் தட்டினார். ஐந்து பேரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் போன் அடித்தது.

'போ சாமி. டிக்கெட் ரெண்டா போடு. நானும் வந்து நீ தங்கற எடத்தப் பாத்துட்டு வந்தர்றேன்.'