சிரிப்புக்கு விட்ட இடம்

மேடைக்கும் முதல் வரிசைக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். அதில்தான் அவள் உட்கார்ந்திருப்பாள். பார்க்க வருகிறவர்களுக்கு அவளுடைய கொண்டையும், கீபோர்டின் மேல் வளைந்து நிற்கும் சின்ன விளக்கும் மட்டும் தெரியும். அவளுக்கோ நடிகர்களின் பாதங்கள்தான் முதலில் தெரியும், முகம் அப்புறம்தான். குழுவில் எல்லோருக்கும் அவள் கீபோர்டு அக்கா. கதை, பாட்டு, மெட்டு, இயக்கம் எல்லாம் அவள் கணவர். அவரை எல்லோரும் வாத்தியார் என்பார்கள்.

வாத்தியாரின் நாடகங்கள் முழுக்கப் பாட்டாலேயே ஓடும். எங்கிருந்தும் எடுத்தவை அல்ல, எல்லாம் சொந்தச் சரக்கு. தன் பற்களை வாடகைக்கு விட்ட ராஜா, தூக்கிலிட வந்தவனையே காதலித்த தேவதை என்று இப்படித்தான் இருக்கும். ஜிகினாவும் மாயமும் மந்திரமுமாகத் தொடங்கும். நடுவில் யாராவது சாவார்கள். அப்போது அரங்கமே குலுங்கிச் சிரிக்கும்.

சாவுக்குச் சிரிக்க வைப்பது லேசான வேலையா? அதில் பாதி அவளுடையது. சிரிப்பு எழும்போது அடுத்த வரியைப் பாடினால் எவர் காதிலும் விழாது. அதனால் அவள் ஒரே ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பாள். சிரிப்பு ஏறி, உச்சிக்குப் போய், இறங்கி, முழுக்க அடங்குவதற்கு ஒரு மூச்சுக்கு முன்னால் அடுத்த மெட்டை எடுப்பாள். அவசரப்பட்டால் சிரிப்பு நசுங்கிவிடும். தாமதித்தால் அரங்கம் ஆறிப்போகும். வாத்தியார் தன் பிரதியின் ஓரத்தில் 'சிரிப்பு' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அந்தச் சிரிப்புக்கு இடம் விடுவது அவள் விரல்கள்தான்.

அவர்களுக்கு ஒரு மகன் இருந்தான். குப்புற விழப் பழகியவன் எழுந்து உட்காரும் முன்பே காய்ச்சலில் போய்விட்டான். அதன் பிறகு கொஞ்ச காலம் அவள் அவளாக இல்லை. அழைப்பு மணி அடித்தால் கதவை ஒரு கையகலம் திறந்து, உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, "சத்தம் போடாதீங்க. இப்பதான் தூங்கினான்" என்பாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் செருப்பை வாசலிலேயே கழற்றினார். எல்லா வீட்டிலும் உருட்டுகிற சிலிண்டரை அந்த வீட்டில் மட்டும் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, நுனிக்காலில் நடந்து சமையலறையில் வைத்துவிட்டுப் போனார். முன்பின் தெரியாத அந்த மனிதருக்கு இருந்த ஈரம் எத்தனை பேருக்கு இருக்கும்?

உள்ளறையிலிருந்து வாத்தியார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒருநாள் அவளே தெளிந்தாள். அதைப் பற்றி இருவரும் பிறகு பேசிக்கொண்டதே இல்லை. அவர் பேசாமல் இருந்ததை அவள் அன்பு என்று நம்பினாள். பாவம், பேதை.

அடுத்த நாடகத்துக்கு 'பூசணி இளவரசன்' என்று பெயர் வைத்தார். ஒத்திகை அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு எல்லோரும் உட்கார, வாத்தியார் வாசித்தார். பிள்ளையில்லாத ஓர் அரக்கி தோட்டத்துப் பூசணிக்காயைத் தன் குழந்தை என்று துணியில் சுற்றித் தாலாட்டுகிறாள். கோட்டைக் கதவை உடைத்துக்கொண்டு எதிரிப் படை வருகிறது. அரக்கி உதட்டில் விரல் வைக்கிறாள்.

"சத்தம் போடாதீங்க. இப்பதான் தூங்கினான்."

படைவீரர்கள் பூட்ஸைக் கழற்றுகிறார்கள். நுனிக்காலில் நடந்து ஒருவரை ஒருவர் குத்திக்கொள்கிறார்கள். செத்து விழுகிறவன் 'மன்னிக்கணும்' என்று கிசுகிசுத்துவிட்டு விழுகிறான். ஒத்திகை அறையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் சமையல்காரன் வந்து பூசணிக்காயை டக்கென்று இரண்டாக வெட்டி சூப்பில் போடுகிறான். ஓரத்தில் கொட்டை எழுத்தில் 'சிரிப்பு'. பிறகு அரக்கி கொதிக்கும் பானையைப் பார்த்துத் தாலாட்டின் கடைசி வரியைப் பாடுகிறாள்.

அவளும் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், அந்த வரி வரும்வரை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "அந்த வரிய எடுத்துடுங்க."

"எந்த வரி?"

"உங்களுக்குத் தெரியும்."

அவர் ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "அத எடுத்தா வெறும் பூசணிக்காதான் மிஞ்சும்" என்றார். "அது நீ சொன்னதுன்னு யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

அடுத்த ஷூவின் கயிற்றுக்குக் குனிந்தார். "அவன் எனக்கும் புள்ளதான். உன்ன மாதிரி எனக்கு அழ வரல. இதுதான் வந்துச்சு."

அதற்கு மேல் எந்த மனைவி என்ன பேசுவாள்? மறுநாள் ஒத்திகைக்குப் போனாள். வாசிக்கவும் செய்தாள். நாடகம் பிய்த்துக்கொண்டு போனது. கத்தி விழும் இடத்தில் எழுந்த சிரிப்புதான் அந்த நாடகத்திலேயே நீளமானது. அவள் சுரத்தைப் பிடித்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், அது முடியக் காத்திருப்பாள். யாருக்கும் தெரியாது என்ற ஒன்றே அவளுக்கு இருந்த ஒட்டுத்துணி.

அதையும் நாத்தனார் வந்து உருவினாள்.

ஒருநாள் நாடகம் முடிந்து, பாப்கார்ன் பொட்டலமும் கையுமாக ஒப்பனை அறைக்குள் வந்தாள் வாத்தியாரின் தங்கை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். அரக்கியாக நடித்தவள் பாதி முகம் பச்சையாக, பாதி முகம் சொந்த நிறமாகக் கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தாள். சமையல்காரன் மரக்கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி, அப்படியே நீங்கதான் போங்க! அன்னிக்கு நான் துக்கம் கேக்க வந்தப்ப, வாய்ல விரல வச்சிக்கிட்டு இதேதானே சொன்னீங்க? நான் பயந்தே போயிட்டேன். அண்ணனுக்கு என்ன ஞாபகசக்தி பாருங்களேன்."

சமையல்காரன் கத்தியை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று புரியாமல் நாத்தனார் இன்னும் இரண்டு பாப்கார்னை வாயில் போட்டுக்கொண்டாள்.

நாத்தனார் போன பிறகு அரக்கிதான் கேட்டாள். "ஏன்க்கா சொல்லல? மூணு புள்ள பெத்தவ நான். தெரிஞ்சிருந்தா இத என் வாயால சொல்லிருப்பேனா?"

"நீ சொல்லலன்னா வேற ஒருத்தி சொல்லிருப்பா."

அன்று அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். சிரிப்பு வராத காட்சியை வாத்தியார் ஒருபோதும் வைத்திருந்ததில்லை, ஈவிரக்கமில்லாமல் வெட்டி எறிந்துவிடுவார். அழுது கெஞ்சி எடுக்க முடியாததை இப்படி எடுக்கலாம். சிரிப்பைக் கொன்றால் போதும். அதன் கழுத்து அவள் விரல்களுக்கு அடியில்தானே இருக்கிறது?

மறுநாள் படை நுழையும்போது வழக்கமான துள்ளல் மெட்டை அவள் எடுக்கவில்லை. தாலாட்டையே மெதுவாக வாசித்தாள். மேலே நின்ற அரக்கிக்கு அந்த வரியைச் சொல்லும்போது குரல் உடைந்தது. தொடங்கிய சிரிப்பு ஆங்காங்கே முளைத்து வாடியது. கத்தி விழுந்தது. அவள் இடம் விடவில்லை. அந்த நொடியே தாலாட்டின் கடைசி வரிக்குப் போனாள்.

ஒரு சத்தமும் இல்லை. பின்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

தொலைந்தது, இனி இந்தக் காட்சி இல்லை என்று அவள் நெஞ்சு லேசானது. அதற்குள் கைதட்டல் எழுந்தது. எழுந்து நின்று தட்டினார்கள். திரை விழுந்ததும் வாத்தியார் பள்ளத்துக்குள் இறங்கி ஓடிவந்தார். அவர் கண்கள் நனைந்திருந்தன. மகனைப் புதைத்த அன்றுகூட நனையாத கண்கள்! அழுகிறார், கடைசியில் அவனுக்காக அழுகிறார் என்று அவள் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அவர் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இத ஏன் நீ முதல் நாளே செய்யல? இனிமே தினமும் இப்படியே வாசி."

பிரதியின் ஓரத்தில் 'சிரிப்பு' என்பதை அடித்துவிட்டு 'அழுகை' என்று எழுதினார். சுவரொட்டியில் 'கைக்குட்டையோடு வாருங்கள்' என்று போட்டார்கள். ஜனம் கைக்குட்டையோடு வந்தது. சிரித்தபோதாவது அது பூசணிக்காயைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. இப்போது டிக்கெட் வாங்கிய ஒவ்வொருவரும் அவள் மகனை எடுத்துக் கொஞ்சிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெளியே போய் ஐஸ்கிரீம் தின்றார்கள். கொன்று போட்ட சிரிப்புக்காக அவள் ஏங்கத் தொடங்கினாள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் பழையபடி இடம் விட்டாள். கத்தி விழுந்ததும் சுரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். யாராவது ஒருத்தர் சிரிக்கட்டும். திரைமறைவிலிருந்து வாத்தியார் அடுத்த வரிக்குப் போ என்று கையை ஆட்டினார். மேடையில் அரக்கி பானையைப் பார்த்தபடி நின்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. விசும்பல்தான் கேட்டது, பிறகு கைதட்டல்.

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். பள்ளத்தில் எழுந்து நின்று ஜனங்களைப் பார்த்துத் திரும்பினாள். இத்தனை காலமாகக் கொண்டையை மட்டும் பார்த்தவர்கள் அன்றுதான் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாதீங்க. இப்பதான் தூங்கினான்."

கூரையே பெயர்ந்துவிடும்போல் கைதட்டினார்கள். அவள் படியேறி, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வெளியே போனாள். போகும் வழியில் ஓர் அம்மாள் அவள் தோளைத் தட்டி, பிரமாதமாக நடித்தாய் என்று சொன்னாராம்.

வீட்டுக்குப் போகவில்லை. வேறோர் ஊரில் அக்காள் வீட்டு மாடியறையில் இருக்கிறாள். மருந்துக்கடையில் வேலை. கீபோர்டு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. வாத்தியார் இரண்டு முறை ஆள் அனுப்பினார், மூன்றாம் முறை அனுப்பவில்லை. அந்த வழியாகப் போகும்போது அரக்கி மட்டும் வந்து எட்டிப் பார்ப்பாள்.

போன தடவை மருந்துக்கடைக்கே வந்தபோது, டீயைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் தயங்கினாள். பிறகு சொன்னாள். கீபோர்டுக்குப் புதிதாக ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். தினமும் கத்தி விழுந்ததும் அந்தப் பெண் பள்ளத்திலிருந்து எழுந்து, ஜனங்களைப் பார்த்துத் திரும்பி, அந்த வரியைச் சொல்லிவிட்டு நடுவே நடந்து வெளியே போகிறாள். வாத்தியார் எழுதிச் சேர்த்துவிட்டார். இப்போது நாடகமே அதோடுதான் முடிகிறதாம்.

அவள் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"சத்தமா சொல்றாளா?"

"மைக் வச்சிருக்காங்கக்கா. கடைசி வரிசை வரைக்கும் கேக்குது."

அவள் கை நின்றது.

"அப்ப அவன் முழிச்சிருப்பான்" என்றாள்.