பூசணிக்காயை வைத்துவிட்டுப் போன ஞாயிறு

எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்புதான். ஆனால் வேதம் வாசிக்க நல்ல குரலைக் கர்த்தர் கொடுத்திருந்தார். இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சின்னக் கோயிலில் அந்த நாளில் ஞாயிறுதோறும் பாடம் வாசித்தது நான்தான். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்று வாரம் முழுவதும் வீட்டில் வாசித்துப் பழகுவேன். கேட்டவர்கள் மெச்சுவார்கள். அதில் எனக்கு ஆசை இருந்ததை மறைக்க மாட்டேன்.

அப்போது என் அண்ணனோடு இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. அவர் இந்தியாவுக்கே குடிபெயர்ந்து போக அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அப்பாவையும் அம்மாவையும் புதைத்த மண்ணை விட்டுப் போகிறவர் எனக்கு அண்ணனே இல்லை என்று, ஊற்றுநீர் விழும் பீலியில் தண்ணீர் பிடிக்க நின்ற லயத்து வீட்டுச் சனங்கள் அத்தனை பேர் முன்னாலும் நான் சொல்லிவிட்டேன். மறுமாதமே அவர் தோட்டத்தின் கீழ்ப்பிரிவுக்கு மாறிப் போனார். கோயிலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். அவரைக் கப்பலேறச் சொல்லும் பயணக் கடிதம் எந்த நேரமும் வரலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு உபதேசியார் எனக்குக் கொடுத்த பாடம், பீடத்தில் காணிக்கை வைக்க வந்தவன் சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று நினைத்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்று ஆண்டவர் சொன்ன பகுதி. ஆறு நாள் அதை வாசித்துப் பழகினேன். ஒரு தடவையும் அண்ணன் முகம் என் மனதில் வரவில்லை. இன்றைக்கும் எனக்கு அது ஆச்சரியம்தான்.

என் மனைவிக்கு எழுத்துத் தெரியாது. ரொட்டி தட்டிக்கொண்டே ஆறு நாளும் கேட்டிருக்கிறாள். சனிக்கிழமை, காணிக்கைக்காகத் வீட்டுக்குப் பின்னால் இருந்த பாத்தியிலிருந்து அறுத்து வந்த பூசணிக்காயைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, நாளைக்கு இதை வச்சிட்டு உடனே ஒங்க அண்ணன் வீட்டுக்குப் போறமா, இல்ல ஆராதனை முடிஞ்சா?"

அது கோயிலில் வாசிக்கிற பாடம், நீ அடுப்பைப் பார் என்றேன்.

"அப்ப யாரு கேக்கிறதுக்கு வாசிக்கிறீங்க?" என்றாள்.

மறுநாள் பூசணிக்காய் பீடத்தடியில் பீன்ஸ், முட்டைக்கோவா, வாழைக்குலையோடு இருந்தது. நான் ஒரு சொல் பிசகாமல் வாசித்து முடித்து, புத்தகத்தை மூடி நிமிர்ந்தேன். என் மனைவி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு ஏதோ சுகமில்லை என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். அவள் எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரியும். என் இடத்தில் போய் உட்காரத்தான் பார்த்தேன். கால் உட்கார விடவில்லை. நானும் இறங்கி நடந்தேன்.

இரண்டு மைல் தூறலில் நனைந்து போனோம். அண்ணன் பீன்ஸ் கொடிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்.

"என்னடா, இன்னைக்குக் கோயில்ல காணிக்கை ஏலம் இல்லியா?" என்றார், திரும்பாமலே.

பீலியடியில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் கம்பை ஊன்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் கோயிலுக்கு வராதது சாமி மேல கோவத்துலயில்லடா. அன்னைக்கு அப்பிடிச் சொன்ன வாயி வேதம் வாசிக்கிறத உக்காந்து கேக்க முடியல."

அவர் அடுத்த கம்பைக் கையில் எடுத்தார். "எழுதிக் குடுத்ததை நான் வாபஸ் வாங்க மாட்டேன்," என்றார்.

"அதுக்கு வரலண்ணே."

"அப்ப இந்தக் கம்பைப் பிடி."

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வந்து கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். நான் உபதேசியாரிடம் போய், இன்றைக்கு வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள் ஐயா என்று கேட்டுக்கொண்டு, அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். வாசித்தவர் தட்டுத் தடுமாறித்தான் வாசித்தார். நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். அண்ணன் கப்பலேற அதன்பிறகு எட்டு மாதம் இருந்தது.